எழுவான்கரையும் படுவான்கரையும்: மட்டக்களப்பு வாவியைச் சுற்றிவர ஒரு கையேடு

"மட்டக்களப்புக்கு வருகிறோம், பாசிக்குடாவுக்கு எப்படிப் போவது?" என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகையினர். ஒரு பகுதியினர் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வருபவர்கள். மற்றவர்கள் வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வருபவர்கள். ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு, ஒரு கோயில் திருவிழா, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் கூட்டம் என்று ஏதோவொரு காரணத்தோடு வந்து, வந்ததோடு பிள்ளைகளுக்குக் கடலையும் காட்டிவிட்டுப் போவோம் என்று நினைப்பவர்கள்.

சுற்றுலா வழிகாட்டி நூல்கள் இந்த இரண்டு பகுதியினருக்காகவும் எழுதப்பட்டவை அல்ல. குளிரூட்டிய வாகனத்தில் பாசிக்குடா விடுதி வாசலில் இறங்கி, மூன்றாம் நாள் அதே வாசலால் திரும்பும் ஒருவருக்கான தகவல்கள்தான் அவற்றில் இருக்கின்றன. அப்படிப் போகிறவர் கடலைப் பார்ப்பார், மட்டக்களப்பைப் பார்க்கமாட்டார். இந்த மண்ணில் நீங்கள் எந்த வழியால் போகிறீர்கள், எந்த இடத்தில் தண்ணீரைக் கடக்கிறீர்கள் என்பதுதான் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. சொந்த வாகனம் இல்லாமல், பஸ்ஸிலும் ஓட்டோவிலும் வாவியைக் கடக்கும் படகுகளிலும் செய்தி சேகரிக்கச் சுற்றியவள் என்ற வகையில், எனக்குத் தெரிந்ததை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் வாவியை விளங்கிக்கொள்ளுங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலுள்ள முகத்துவாரத்திலும், தெற்கே கோட்டைக்கல்லாற்றுப் பகுதியிலும் அது கடலோடு கலக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டு. சூரியன் எழும் திசை என்பதால் அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையில், வயலும் மாட்டுப் பட்டியும் குளங்களுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நகரத்தின் பழைய பகுதியான புளியந்தீவு, பெயரிலுள்ளபடியே வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு.

இந்தப் பிரிவு வெறும் புவியியல் அல்ல. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரையும் நகரமும் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவிதான் எல்லைக்கோடு. மறுகரையில் விளக்கு எரிவது தெரியும். ஆனால் அங்கே போய்வர அடையாள அட்டை, சோதனைச்சாவடி, பை கிளறல், கேள்விகள் என்று ஒரு பகல் கழிந்துவிடும். இன்று பத்து நிமிடத்தில் பாலத்தைக் கடக்கும்போது உங்களோடு பயணிக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திடீரெனப் பேச்சை நிறுத்தினால் காரணம் கேட்க வேண்டாம். அவர் எந்த இடத்தில் வரிசையில் நின்றார் என்பது அவருக்குத் தெரியும்.

எப்போது வரலாம்

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் குளிக்க இதுதான் காலம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். நண்பகலில் வெளியே நடப்பது கடினம். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் என்று பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை. அந்த நாட்களில் கடலில் இறங்க வேண்டாம். கிரானிலிருந்து மேற்கே போகும் புலிபாய்ந்தகல் வீதி போன்றவை வெள்ளத்தில் மூழ்கி, படகுதான் போக்குவரத்து என்று ஆகிவிடும்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம். வைகாசியில் ஊர் ஊராகக் கண்ணகி அம்மன் சடங்கு. இந்த நாட்களில் வந்தால் ஊரைப் பார்த்த திருப்தி கிடைக்கும், ஆனால் தங்க இடம் கிடைப்பது அரிது. சடங்கு நடக்கும் ஊரில் தங்கினால், அந்த நாட்களில் வீட்டில் மச்சம் சமைப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வந்து சேரும் வழி

கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் உண்டு. பகலில் வருவது உதயதேவி, இரவில் வருவது மீனகயா. பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணாணை வழியாக வந்து வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் நிலையங்களைக் கடந்து நகரத்தில் பாதை முடிகிறது. பாசிக்குடாவுக்கு மட்டும் போகிறவர்கள் மட்டக்களப்பு வரை வந்து திரும்பத் தேவையில்லை. வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கிக்கொள்ளலாம். யானைக் காட்டு வழி என்பதால் தாமதம் வழக்கம். வெள்ளக் காலங்களில் சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. நேர அட்டவணையைப் பயணத்துக்கு முதல்நாள் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி பஸ்கள் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து வருபவர்கள் ஏ-15 கரையோர வீதியால் வரலாம். முன்பு இந்த வீதியில் படகுத்துறைகளில் காத்துக்கிடந்துதான் வரவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; மற்றத் துறைகளுக்கும் அடுத்தடுத்துப் பாலங்கள் வந்தன. மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை என்று வரும் வழி அழகானது. ஆனால் கதிரவெளியில் 2006 நவம்பர் 8ஆம் திகதி இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வாகரையிலிருந்து அந்த மாதங்களில் காட்டு வழியே நடந்து வெளியேறியவர்கள் உங்கள் பஸ்ஸிலேயே இருக்கக்கூடும்.

நகரம்: நடந்து பார்க்க அரை நாள்

புளியந்தீவுக்கு வாகனம் தேவையில்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை வாவி ஓரத்தில் நிற்கிறது. நீண்டகாலம் அதற்குள்ளேதான் கச்சேரி இயங்கியது. எங்கள் பெற்றோர் பலருக்கு அது சுற்றுலாத் தலம் அல்ல, நிவாரண அட்டைக்கும் மரணச் சான்றிதழுக்கும் அலைந்த அலுவலகம். அருகே, 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் வந்திறங்கியதை நினைவுகூரும் மட்டக்களப்பு வாயில். அதே ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் நடை தூரத்தில். சியோன் தேவாலயமும் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். படம் எடுப்பதற்காக அங்கே போகாதீர்கள்.

நகரத்திலிருந்து கல்லடிக்குப் போக இரண்டு பாலங்கள் அருகருகே இருக்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம், அப்போதைய ஆளுநரின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம் என்பதால் எதிரே வருபவருக்காகக் காத்து நிற்பது பல தலைமுறையின் பழக்கம். 2013இல் புதிய பாலம் வந்த பிறகு பழையது நடப்பவர்களுக்கானது. மாலையில் தூண்டில்காரர்களும் குடும்பங்களும் அங்கேதான்.

மீன் பாடும் கதையைக் கேட்டு வருபவர்கள் இங்கேதான் வரவேண்டும். முழுநிலா இரவில், காற்றும் வாகன இரைச்சலும் அடங்கிய பிறகு, தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள்ளும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பது வழமை. 1950களில் மிக்கேல் கல்லூரியின் இயேசுசபைத் துறவி ஒருவர் இதை ஒலிப்பதிவும் செய்தார். பாடுவது மீனா, மட்டியா என்ற வாதம் தீரவில்லை. கேட்காவிட்டாலும் நட்டமில்லை, அந்த நேரத்து வாவி போதும்.

கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் சமாதியும், கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயமும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சரிந்த அந்த ஆலயத்தின் கோபுரத்தைப் பார்த்தால் அலையின் வலு விளங்கும். அப்படியே வடக்கே போனால் நாவலடி. சுனாமி ஏறத்தாழ முழுதாக அழித்த ஊர். வாவியின் மறுபக்கம் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு. அங்கிருந்து கண்டல் காடுகளுக்குள் படகுச் சவாரி போகலாம். உயிர்காப்பு அங்கி கேட்டு அணியுங்கள். வாவியில் முதலைகள் உண்டு. ஊரவர் குளிக்காத இடத்தில் நீங்களும் இறங்க வேண்டாம்.

வடக்கே: பாசிக்குடா

நகரிலிருந்து பாசிக்குடா ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வாழைச்சேனை பஸ் அடிக்கடி இருக்கிறது; அங்கிருந்து ஓட்டோவில் சுமார் 5 கிலோமீற்றர். கல்குடாவுக்கு நேரே போகும் பஸ்களும் உண்டு. ஓட்டோக் கட்டணத்தை ஏறுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். விடுதி வாசலில் பிடிக்கும் ஓட்டோவைவிட வாழைச்சேனைச் சந்தியில் பிடிப்பது மலிவு.

பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தால் இந்த வீதியே ஒரு பாடம். நகரைத் தாண்டியதும் சத்துருக்கொண்டான்: 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி, சுற்றுக் கிராமங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட இடம். பின்னர் ஏறாவூர்: அதே ஆண்டு ஓகஸ்டில் முஸ்லிம் மக்கள் இரவில் படுகொலை செய்யப்பட்ட ஊர். செங்கலடி தாண்டினால் வந்தாறுமூலை: கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. சித்தாண்டி முருகன் கோயில், கிரான், கும்புறுமூலை என்று வாழைச்சேனை வந்துவிடும். ஒரு மணித்தியாலப் பயணத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்து 1990 அடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது உங்கள் தீர்மானம். எதுவும் தெரியாமல் கடந்துபோவது வேறு.

பாசிக்குடாவின் சிறப்பு ஆழமின்மை. வளைந்த குடாவுக்குள் நூற்றுக்கணக்கான மீற்றர் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். நீந்தத் தெரியாத அம்மாக்களும் கடலில் இருந்து எழும்ப மனமில்லாமல் இருக்கும் கரை இது. அதற்காகப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள். முருகைக்கல் காலை வெட்டும், குடாவின் ஓரங்களில் ஆழம் மாறும். முனையைச் சுற்றினால் வரும் கல்குடாக் கடற்கரை அமைதியானது, சனம் குறைவு, ஆனால் அலையும் ஆழமும் அதிகம். அங்கே நடக்கலாம், குளிப்பதைப் பாசிக்குடாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் இங்கே பெயர்பெற்ற விடுதிகள் இருந்தன. போர் அவற்றைச் சுவர்களாக்கியது. 2009க்குப் பின்னர் அரசு இதைச் சுற்றுலா வலயமாக அறிவித்து, 2011 முதல் பெரிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. அதே காலத்தில் கரைவலையும் தோணியுமாக இந்தக் குடாவில் தொழில் செய்தவர்களுக்குக் கரை சுருங்கியது. உங்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும்: அலைவாய்க்கரை அரச நிலம். விடுதிக்கு முன்னாலுள்ள மணல் விடுதியின் முற்றம் அல்ல. பொதுக் கடற்கரை வழியாக இறங்கிக் கரையோரமாக நடக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விடுதியின் கதிரை, குளியலறை, நீச்சல் தடாகம் மட்டும்தான் அவர்களுடையவை. உடைமாற்றவும் நன்னீரில் குளிக்கவும் பொதுக் கடற்கரைப் பக்கம் வசதி இருக்கிறது. சில்லறைக் காசு வைத்திருங்கள்.

சித்திரைப் புத்தாண்டு, பாடசாலை விடுமுறை, நீண்ட வார இறுதி நாட்களில் நாடெங்கிலுமிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். அமைதி வேண்டுமானால் வாரநாள் காலையில் போங்கள். தனியாக வரும் பெண்களுக்கும் அதுவே வசதி. மதுபோதைக் கூட்டம் மாலையில்தான் சேரும்.

தெற்கே: ஏ-4 வீதி

கல்முனை பஸ்ஸில் ஏறினால் கல்லடி தாண்டிக் காத்தான்குடி. வீதி நடுவே ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கும். துணி எடுக்கவும் சாப்பிடவும் நல்ல இடம். வெள்ளி நண்பகலில் ஜும்ஆத் தொழுகை நேரம், கடைகள் பூட்டியிருக்கும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் இருந்தவர்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பதே உயிர்தப்பியவர்களின் சாட்சியம். சன்னம் துளைத்த சுவரை அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள். சத்துருக்கொண்டானில் தலை குனியும் நாம் இங்கேயும் குனிய வேண்டும். கடைக்காரரை 'நானா' என்று கூப்பிட்டு வழி கேளுங்கள். கடை வாசல் வரை இறங்கி வந்து காட்டுவார்.

தொடர்ந்து ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கோட்டைக்கல்லாறு. இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவே எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் சிறிது நேரத்தில் தண்ணீர்.

மறுகரைக்கு: பாலமும் 'பாதை'யும்

மட்டக்களப்பில் 'பாதை' என்றால் வீதி மட்டுமல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். "பாதை வந்திட்டு" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்.

படுவான்கரைக்குப் போக மூன்று வழிகளைச் சொல்வேன். முதலாவது, நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு. இரண்டாவது, ஆரையம்பதிக்கு அருகே மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை. 2014 ஏப்ரலில் இந்த 210 மீற்றர் பாலம் திறக்கும்வரை இங்கே ஓடியது பாதைதான். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கு இதுவே நேர்வழி. பாலத்தைத் தாண்டினால் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் கொல்லப்பட்டவர்களை ஆண்டுதோறும் 28ஆம் திகதி அங்கே நினைவுகூருகிறார்கள். மூன்றாவது, இன்னும் பாதையாலேயே கடக்கும் துறைகள்: குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர். மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் குருமண்வெளியால் கடப்பது அலுக்காத பயணம்.

உங்களுக்கு அது அழகான கால் மணித்தியாலம். மறுகரையில் இருப்பவருக்கு அது ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் போகும் ஒரே நேர்வழி. காற்று எழும்பினால் நின்றுவிடும் வழி. பாலம் வேண்டாம், இந்த அழகு போய்விடும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். திருகோணமலை மாவட்டத்தின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய மிதவை 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே சில விதிகள்: ஆள் நிரம்பியிருந்தால் அடுத்த பாதைக்கு நில்லுங்கள், ஓரத்தில் ஒரே பக்கமாகக் கூட வேண்டாம், கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேளுங்கள். தவறினால் பாலத்துக்குச் சுற்றிவர வேண்டும். இருட்டிய பிறகு படுவான்கரை வீதிகளில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பொழுது படுமுன் எழுவான்கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

அடையாள அட்டையோ கடவுச்சீட்டின் பிரதியோ கையில் இருக்கட்டும். முன்பு போல ஒவ்வொரு சந்தியிலும் மறிப்பதில்லை; ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். முகாம்களையும் சோதனைச்சாவடிகளையும் படம் எடுக்க வேண்டாம். நினைவேந்தலுக்குப் போவது உங்கள் உரிமை, ஆனால் நிலைமை தெரிந்து போங்கள். 2021 மே 18ஆம் திகதி கிரான் கடற்கரையில் நினைவேந்திய பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அங்கே வரும் உள்ளூர் மக்களின் முகம் தெரியப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரணைக்கு அழைக்கப்படுவது அவர்கள்.

காசு எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். பெரிய விடுதியில் ஓர் இரவுக்குக் கொடுப்பதில் கல்குடாவிலோ கல்லடியிலோ வீட்டோடு சேர்ந்த சிறு விடுதியில் பல நாள் தங்கலாம். இறாலும் நண்டும் கரையிலேயே வாங்கினால் சமைத்துத் தருவார்கள். படுவான்கரைத் தயிர் முட்டி ஒன்று, காத்தான்குடியில் ஒரு சாரம், கோயில் வாசலில் ஒரு பை கச்சான். போரில் துணையை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இத்தகைய சிறு வியாபாரத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேச வேண்டாம்.

இரண்டு நாள் இருந்தால்

முதல் நாள் காலை பாசிக்குடா; வெயில் ஏறுமுன் குளித்து முடித்து, மதியம் பஸ்ஸில் நகரம், மாலையில் கல்லடிப் பழைய பாலம். இரண்டாம் நாள் காலை மண்முனையால் கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து அம்பிளாந்துறை வந்து பாதையால் குருக்கள்மடம், பிறகு ஏ-4 வீதியால் காத்தான்குடியில் சாப்பாடு.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பாசிக்குடாவை அரை நாளாகக் குறைத்துவிட்டு வாவியை ஒருமுறையாவது கடந்து போங்கள். கடல் எல்லாக் கரையிலும் இருக்கிறது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு உங்கள் உறவினர் கடந்த தண்ணீரை, எவரும் மறிக்காமல் பிள்ளைகளோடு கடப்பது இங்கே மட்டும்தான் கிடைக்கும்.